ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கன்னியா? நாட்டு நாயை அடையாளம் காண்பது எப்படி?

'ஒரிஜினல் நாட்டு நாய்'னு சொல்லி விற்கும் குட்டியை நம்பி வாங்கலாமா? முதல்ல இதைக் கவனிங்க.

ராஜபாளையம்: பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. காவலுக்குப் பேர் போனது. வளர்ப்பவரைத் தவிர மற்றவர்களிடம் லேசில் ஒட்டாது. 2005-ல் தபால் தலையிலும் இடம்பிடித்தது.

சிப்பிப்பாறை: விருதுநகர் மாவட்ட ஊரின் பெயரையே கொண்டது. ஒல்லியான உடல், நீண்ட முகம், ஒட்டிய வயிறு. பெரும்பாலும் வெளிர் பழுப்பு நிறம். அதிகம் குரைக்காது.

கன்னி: உடல்வாகு சிப்பிப்பாறை மாதிரியேதான். ஆனால் கருப்பு உடல். கால், முகம், நெஞ்சில் பழுப்பு. கூச்ச சுபாவம்.

வாங்கும் முன்...

வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நிறமிக் குறைபாடுதான் காரணம். குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டுங்க. திரும்பலைன்னா கால்நடை மருத்துவரிடம் காட்டிட்டு முடிவு பண்ணுங்க.

சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டை நாய்கள். ஓடுவதைப் பார்த்தால் துரத்தும். கொடும்பாளூர் மாதிரி திருச்சி - மதுரை நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் அவிழ்த்துவிட்டால், நாய்க்கும் ஆபத்து, பைக்கில் வருபவருக்கும் ஆபத்து. முயல் வேட்டைக்குக் கூட்டிப்போனால், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஓட வேலி போட்ட இடம் இருக்கா? அப்போ தாராளமா வளர்க்கலாம்.