நின்று எழுதும் பிள்ளைகள்

"பெஞ்சு மேல ஏறி நில்லு!" தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த எவருக்கும் இந்தக் கட்டளையை விளக்க வேண்டியதில்லை. காலை ஆட்டிக்கொண்டே இருந்தவன், தண்ணீர் குடிக்க அடிக்கடி எழுந்தவள், பக்கத்துப் பிள்ளையைச் சீண்டியவன் எல்லாருக்கும் இதே தண்டனைதான். உட்கார முடியாமல் தவித்த பிள்ளையை எல்லார் முன்னும் நிற்க வைத்தோம். அதே பிள்ளைக்கு இன்று, "நின்றுகொண்டே எழுதட்டும்" என்று சிறப்பாசிரியர் பரிந்துரை எழுதுகிறார்.

அன்றைய பெஞ்சில் நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுவரோரம் இருப்பவன் வெளியே வர வேண்டுமானால் வரிசையே எழ வேண்டும். அதனால் அசைவது என்பதே பிறருக்குத் தொல்லை தரும் குற்றமாயிற்று. அதற்கும் முந்தைய திண்ணைப் பள்ளியில் பெஞ்சு கிடையாது. மணலில் விரலால் எழுதினார்கள். அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கோதண்டம் போட்டதும் அங்கேதான்.

உண்மையான மாற்றம் 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் ரிஷி வேலி கிராமக் கல்வி மையத்தின் முறையைத் தழுவி, செயல்வழிக் கற்றலைக் கொண்டுவந்தார். 2007-08 வாக்கில் அது மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சுகள் வெளியேறின, பாய்கள் வந்தன. ஆசிரியரும் பாயில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை. ஏணிப்படி அட்டவணையில் தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, உரிய குழுவுக்குப் போய் உட்கார வேண்டும். முடித்ததும் அடுத்த அட்டைக்கு எழ வேண்டும். துறுதுறுப்பான பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாடம் நடக்கும் விதத்திலேயே எழுந்து நடப்பதும் அடங்கியிருந்தது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாரும் முறைக்கப் போவதுமில்லை. தமிழகப் பள்ளிகள் செய்தவற்றில் இதை மிகப் பெரிய காரியங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன். அசையும் பிள்ளைகளைத் தனியே பிரிக்காமலே அது அவர்களுக்கு உதவியது.

2015இல் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் மார்க் ராப்போர்ட்டின் குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டுகிறது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள சிறுவர்கள் அதிகம் அசைந்தபோது, சொன்னதை மனதில் வைத்து வேலை செய்யும் திறன் கூடியது. மற்றச் சிறுவர்களுக்கோ அசைவு கூடக்கூடத் திறன் குறைந்தது. ஆக, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆடும் நாற்காலி வாங்கிப் போடுவதில் பயனில்லை. யாருக்குத் தேவை என்று ஆசிரியர் பார்த்துக் கொடுக்க வேண்டும். வசதியான தனியார் பள்ளிகளில் ஆடும் முக்காலியும் பெரிய பந்தும் வந்துவிட்டன. அவற்றை வாங்க முடியாத பள்ளியில், நாற்காலியின் முன்கால்களுக்கு இடையே பழைய சைக்கிள் டியூபை இழுத்துக் கட்டினாலும் போதும். பிள்ளை அதைக் காலால் உந்திக்கொண்டே சத்தமில்லாமல் படிக்கும்.

தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்கள் உண்டு. 2025 ஜூலையில் இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொன்ன அறிவுறுத்தல் பெரிய விவாதமானது. கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு வந்தது. கடைசி பெஞ்சு என்ற அவப்பெயர் போக வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் பெஞ்சை எந்தப் பக்கம் திருப்பினாலும், அதில் அசையாமல் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்படியே இருக்கிறதே!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடியையும் மன உளைச்சல் தரும் தண்டனையையும் தடை செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அவரவர் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாடுள்ளவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கிடைக்கிறது. தொடக்கப் பள்ளியில் பாய், பத்தாம் வகுப்பில் சலுகை. நடுவில் ஆறு முதல் ஒன்பது வரை, நாள் முழுக்க பெஞ்சு. அந்த வகுப்பறைகளின் பின்சுவரில் முழங்கை உயரத்துக்கு ஒரு பலகை அடித்தால், இரண்டு பேர் நின்று எழுதலாம். கால் வலித்தால் இடத்துக்குப் போய் உட்காரலாம். வரும் ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தச்சர் ஒருவரை அழைத்துச் செய்துவிடக்கூடிய வேலை இது.