பொதுக் கண்மாயும் ஒருவர் மடையும்

மதுரை மாசி வீதிகளைச் சுற்றி வருகிறவர், ஜவுளிக்கடை, சுங்குடிப் புடவை வியாபாரம், வைத்தியசாலை, பள்ளிக்கூடம் ஆகிய பலவற்றின் பெயர்ப்பலகைகளில் வலைத்தள விலாசம் எழுதியிருக்கக் காண்பார். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டிக் கொடுப்பவை பெருங்கம்பெனிகள் அல்ல. மாடியறைகளில் இரண்டொரு கணினிகளை வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் நமது ஊர் இளைஞர்களும் பெண்களுமே அவற்றைக் கட்டுகிறார்கள். அவர்களுடைய கருவிகளில் முதன்மையானது வேர்டுபிரஸ். நமது பத்திரிகையின் தளமும் அதன்மேல்தான் நிற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இவ்விஷயத்தில் நாம் முற்றும் பற்றற்றவர் அல்லோம்.

உலகத்து வலைத்தளங்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டவை இக்கருவியால் நடைபெறுகின்றன. இதற்கு விலை இல்லை. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் பி2 என்னும் செயலியை எழுதி, பின்னர் கவனியாமல் விட்டார். ஹூஸ்டன் நகரத்தில் அப்பொழுது 19 வயதினரான மாட் முல்லென்வெக்கும், இங்கிலாந்தில் இருந்த மைக் லிட்டிலும் அதை எடுத்துத் திருத்தி, 2003 மே 27-இல் வேர்டுபிரஸ் என்ற பெயரில் வெளியிட்டனர். பிறர் எழுதியதை இவ்வாறு எடுத்துக்கொள்ள அவர்களுக்கு என்ன பாத்தியதை என்று நேயர்கள் கேட்கலாம். அந்தப் பாத்தியதையை அளித்தது ஜி.பி.எல். என்னும் பொது உரிமப் பத்திரம். பதிப்புரிமைச் சட்டம் பிறரை விலக்குவதற்காக ஏற்பட்டது. அதே சட்டத்தைக் கொண்டே, எவரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுப்பவர் அதே சுதந்திரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இப்பத்திரம் விதிக்கிறது. வக்கீல் தொழில் பார்த்த நமக்கு, பூட்டைக் கொண்டே கதவைத் திறந்து வைத்த இந்தச் சாமர்த்தியம் எப்பொழுது நினைத்தாலும் ஆனந்தம் தருவதாகும்.

நமது ஜில்லாக் குடியானவனுக்கு இதை விளக்கப் பெரிய பிரசங்கம் வேண்டுவதில்லை. கண்மாய் ஊருக்குப் பொது. கரையை உயர்த்துவதும் வரத்துக்காலைத் தூர்வாருவதும் பாசனக்காரர் எல்லோரும் ஆள் அனுப்பிச் செய்த குடிமராமத்து. மடையைத் திறந்து மூடுபவன் நீர்க்கட்டி. வேர்டுபிரஸின் ஏற்பாடும் ஏறக்குறைய இதுவே. ஆயிரக்கணக்கானோர் தேசந்தோறும் இருந்து பிழை திருத்துகிறார்கள். 50,000-க்கு மேற்பட்ட இலவசச் செருகுநிரல்களை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்தக் கண்மாயின் மடை யார் கையில் இருக்கிறது என்பதை 2024 வரையில் அநேகர் விசாரிக்கவில்லை. மாடியறைக்காரர்கள் மாத்திரமல்ல, நாமும் விசாரிக்கவில்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் முல்லென்வெக், டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் கம்பெனியைப் பகிரங்கமாகத் தாக்கினார். அக்கம்பெனி வேர்டுபிரஸ் தளங்களைக் குடியமர்த்தி வாடகை பெற்றுப் பெருலாபம் ஈட்டுகிறது, பொதுவேலைக்கோ சொற்ப உழைப்பே தருகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். மராமத்துக்கு ஆள் அனுப்பாமல் முதல் தண்ணீர் கேட்கும் மிராசுதார்களை இந்த ஜில்லா அறியும். ஆனால் அவர் தேடிய பரிகாரம் என்ன? அவருடைய ஆட்டோமாட்டிக் கம்பெனி, வருமானத்தில் நூற்றுக்கு 8 பங்கைப் பணமாகவோ, அதற்கு ஈடான வேலையாகவோ தர வேண்டுமென்று கேட்டது. மறுத்தவுடன், செருகுநிரல்களையும் திருத்தங்களையும் விநியோகிக்கும் பொதுத்தளம் அக்கம்பெனிக்கு அடைக்கப்பட்டது. அதன் வாடிக்கைக்காரர்கள் ஒரு பாவமும் அறியாமல், தங்கள் தளங்களுக்குத் திருத்தம் பெற முடியாமல் தவித்தனர். அக்கம்பெனி பராமரித்து வந்த பிரபலமான செருகுநிரல் ஒன்று அக்டோபரில் பொதுத்தளத்தில் வேறு பெயரிட்டுக் கைப்பற்றப்பட்டது. அன்றியும், தளத்தில் நுழைகிறவர் எவராயினும் தமக்கு அக்கம்பெனியோடு எவ்விதச் சம்பந்தமும் இல்லையென்று கட்டத்தில் குறியிட வேண்டுமாம்! இவ்வித வாக்குமூலங்களின் மணம் இத்தேசத்தாருக்குப் புதிதன்று.

அப்பொழுதுதான் தஸ்தாவேஜுகளின் உண்மை வெளிப்பட்டது. வேர்டுபிரஸ் என்ற வர்த்தக முத்திரை 2010-இல் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு எழுதி வைக்கப்பட்டது மெய்யே. ஆனால் வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தும் தனியுரிமை உடனே ஆட்டோமாட்டிக்குக்கே திரும்பி வந்தது. தானம் செய்த நிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்துக்கொண்ட கதைதான். பொதுத்தளமோ ஸ்தாபனத்துக்குச் சேர்ந்ததன்று, தமக்கே சொந்தம் என்று முல்லென்வெக் தாமே சொல்லிவிட்டார். தண்ணீர் பொது; மடை தனியார் சொத்து!

கம்பெனி கோர்ட்டுக்குச் சென்றது. 2024 டிசம்பர் 10-ஆம் தேதி கலிபோர்னியா ஃபெடரல் கோர்ட்டு இடைக்கால உத்தரவு பிறப்பித்து, வழியைத் திறக்கவும், செருகுநிரலைத் திருப்பித் தரவும், அந்த வாக்குமூலக் கட்டத்தை நீக்கவும் கட்டளையிட்டது. அது இறுதித் தீர்ப்பன்று. ஆயினும் பலர் கோர்ட்டை மட்டும் நம்பியிராமல், ஒரே மடையைச் சார்ந்திராத பங்கீட்டு முறை ஒன்றை லினக்ஸ் பவுண்டேஷனின் ஆதரவில் 2025 ஜூனில் தொடங்கினர். இதுவே சரியான வழி என்பது நமது அபிப்பிராயம்.

கட்டாயத்தைப் பற்றி ஒரு பழைய சம்பவம். குடிமராமத்து வழக்கம் தளரக் கண்ட சர்க்கார், சென்னை ராஜதானிக்கென 1858-இல் அதைச் சட்டமாக்கி, வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க ஏற்பாடு செய்தது. வழக்கம் அதனால் பிழைத்ததாக நமக்குத் தெரியவில்லை. கண்மாய்கள் மேடிட்டே வந்தன. முல்லென்வெக்கும் 2014-இல் வேறு பாஷை பேசினார்: வேர்டுபிரஸால் பிழைப்பவர் தம் சக்தியில் நூற்றுக்கு 5 பங்கை மனமுவந்து பொதுவேலைக்குத் தரலாமென்று யோசனை கூறினார். அந்த 5-ஐ மதிக்கிறோம். இந்த 8-ஐ ஏற்கோம்.

எனினும் அமெரிக்கரைக் குறை கூறிவிட்டு நாம் எழுந்து போகலாகாது. நமது மாடியறைக்காரர்களில் எத்தனை பேர் ஒரு பிழையையாவது திருத்தி அனுப்பியிருக்கிறார்கள்? தமிழருக்கு இது வராத காரியமன்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், நம் ஊரின் பெயரைத் தாங்கி, பழந்தமிழ் நூல்களை ஊதியம் கருதாத தொண்டர்களைக் கொண்டே மின்னுருவாக்கி உலகுக்கு வழங்கியது. அதன் தலைவர் கல்யாணசுந்தரம் வாழ்ந்ததோ சுவிட்சர்லாந்தில்! வேர்டுபிரஸை மொழிபெயர்க்கும் தளத்தில் இந்தியத் தமிழுக்கு ஒரு பட்டியலும் இலங்கைத் தமிழுக்கு ஒரு பட்டியலும் உள்ளன. அதில் வேலை செய்ய மூலதனம் வேண்டாம், ஆங்கிலமும் தமிழும் தெரிந்தால் போதும். மாதம் ஒரு ஞாயிறு காலையில் கூடுவதானால் நமது காரியாலயத்தின் கூடத்தைத் திறந்து விடுகிறோம். செருகுநிரல் என்று எழுதுவதா, சொருகி என்று எழுதுவதா என்று அவர்கள் யாழ்ப்பாணத்தாரோடு வழக்காடத் தொடங்கினால், இரு தரப்புக் கடிதங்களையும் இப்பக்கத்தில் குறைக்காமல் பிரசுரிப்போம்.