அடியும் கனஅடியும்

ஜவ்வாது மலையில் பெய்யும் மழை செய்யாறாகவும் கமண்டல நதியாகவும் இறங்குகிறது. செய்யாற்றின் குறுக்கே செங்கம் அருகே குப்பநத்தம் அணையும், கமண்டல நதியின் குறுக்கே படவேடு அருகே செண்பகத்தோப்பு அணையும் உள்ளன. முன்பு பொதுப்பணித்துறை கவனித்த இவற்றை, 2021-இல் தனித்துறையான நீர்வளத்துறை இப்போது பராமரிக்கிறது.

செண்பகத்தோப்பின் முழு நீர்மட்டம் 62 அடி. கொள்ளளவு 287 மில்லியன் கனஅடி. குப்பநத்தத்தில் 59 அடிதான், கொள்ளளவோ 700. ஏன்? ஒரே உயரமுள்ள சொம்பிலும் அண்டாவிலும் நீர் ஊற்றிக் காட்டினால் மாணவர்களே விடை சொல்வார்கள்.

அடுத்து அண்டாவில் மண்ணைப் போட்டு, அதே மட்டத்துக்கு நீர் ஊற்றச் சொல்லலாம். மலைச்சரிவில் மரங்கள் குறைந்தால் அரித்துவரும் மண் அணையில் படியும். அளவுகோல் அதே அடியைக் காட்டும். பாசனத்துக்கான நீர் குறைந்திருக்கும். அணையைத் துறை காக்கலாம். அதன் கொள்ளளவைக் காப்பதில் மலையிலுள்ள மரங்களுக்கும் பங்கு உண்டு.