பந்து உருண்ட காலம் – 9: இடது ஓரத்து பலராம்

மோகன் பகானுக்கு சுன்னி கோஸ்வாமி, ஈஸ்டர்ன் ரயில்வேக்கு பி.கே. பானர்ஜி, ஈஸ்ட் பெங்காலுக்கு துளசிதாஸ் பலராம். 1950களின் பின்பாதியில் கல்கத்தா லீக் பார்த்தவர்களுக்கு இந்த மூன்று பெயரும் மூன்று தனித்தனிக் கட்சிகள். ஒரே கிளப்பின் சட்டையைப் போட்டு இந்த மூவரும் ஒரு சீசன்கூட ஆடியதில்லை. லீக்கில் எதிரெதிரே நின்றவர்கள், வருஷத்தில் சில வாரங்கள் மட்டும் இந்திய அணியின் பயிற்சியாளர் ரஹீம் சாகிபின் முகாமில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தச் சில வாரங்களில் உருவான முன்வரிசையைத்தான் இன்றைக்கும் இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூவரில் இருவரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. பி.கே. பயிற்சியாளராக இன்னொரு முழு வாழ்க்கை வாழ்ந்தார். சுன்னி கிரிக்கெட் மட்டையைக் கையில் எடுத்து, ரஞ்சி கோப்பையில் வங்காளத்துக்குத் தலைமை தாங்கினார். பலராமுக்கு அப்படி இரண்டாவது ஆட்டம் எதுவும் வாய்க்கவில்லை. இருபத்தேழு வயதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் மூவரில் முழுமையான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் நான் பலராமைத்தான் சொல்வேன். சண்டைக்கு வருகிறவர்கள் இந்த வாரத்துப் பக்கங்களை முழுக்கப் படித்துவிட்டு வரட்டும்.

பெயரை வைத்து வடநாட்டுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம் அம்முகுடாவில், 1936இல், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா பெயர் முத்தம்மா. பட்டாளத்தை அண்டிப் பிழைக்கப் போன தமிழர்கள் செகந்திராபாத்திலும் பெங்களூரிலும் கண்டோன்மென்ட்டைச் சுற்றியே குடியேறினார்கள். பட்டாளம் இருந்த இடத்தில் மைதானம் இருந்தது, மைதானம் இருந்த இடத்தில் கால்பந்து இருந்தது. அந்தக் காலத்து இந்திய அணிகளின் பட்டியலைப் பார்த்தால் பீட்டர் தங்கராஜ், சைமன் சுந்தரராஜ், அருமைநாயகம் என்று வரிசையாகத் தமிழ்ப் பெயர்கள் வருவது வியப்பில்லை. இதில் தங்கராஜும் ஐதராபாத்தில் பிறந்தவர்தான்.

பையன் பந்துக்குப் பின்னால் அலைவது முத்தம்மாவுக்குப் பிடிக்கவில்லை. படித்து ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. பையனுக்கோ பூட்ஸ் வேண்டும். பிற்காலத்துப் பேட்டிகளில் பலராம் சொன்ன கதை இது: அம்மாவை நச்சரித்து இரண்டு ரூபாய் வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் போலீஸ்காரர்கள் கழித்துப்போட்ட பழைய பூட்ஸின் தோலை அறுத்து ஒரு ஜோடி தைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்துக் கால்பந்து பூட்ஸின் அடியில், வட்டமாக வெட்டிய தோல் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருப்பார்கள். வில்லை தேயத் தேய ஆணி உள்ளே துருத்தும். மழையில் நனைந்தால் பூட்ஸே கல்லாகக் கனக்கும். அதிலும் பலராமுடையது இன்னொருவர் காலில் தேய்ந்து கழிந்த தோல்.

அப்போது இந்தியக் கால்பந்தே வெறுங்காலிலிருந்து பூட்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்ட பிறகுதான் பூட்ஸ் போட்டே ஆகவேண்டும் என்று சம்மேளனத்துக்குப் புத்தி வந்தது. ஆக, சீனியர்கள் புதுப் பூட்ஸுக்குள் காலை நுழைத்துப் பழகிக்கொண்டிருந்த அதே காலத்தில், இரண்டு ரூபாய் பூட்ஸோடு வந்த ஒரு பையன் அவர்களோடு சரிசமமாக நின்றான்.

அவனைக் கண்டெடுத்தவர் யார் என்று இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளூர் ஆட்டமொன்றில் பார்த்துவிட்டு, ஐதராபாத் அணிக்கான பயிற்சிக்கு வரச் சொன்னார் சையத் அப்துல் ரஹீம். தினமும் அவ்வளவு தூரம் வந்துபோகக் காசில்லை என்றான் பையன். ரஹீம் ஒரு சைக்கிளுக்கு ஏற்பாடு செய்தார். இதையும் பலராமே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அடிப்படையில் ரஹீம் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்புக்கு வராத பையனின் வீட்டில் என்ன பிரச்சினை என்று விசாரிக்கும் வாத்தியார் புத்தி அவரை விட்டு என்றைக்கும் போகவில்லை.

அங்கிருந்து வேகம்தான். 1956 இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் பலராம் இருந்தார். வயது இருபது. அந்த அணி நான்காவது இடம் பிடித்த கதையை நெவில் டி'சூசா அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். மறுவருடமே ஈஸ்ட் பெங்கால் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டது. ஐதராபாத்துக்காகவும் வங்காளத்துக்காகவும் சந்தோஷ் கோப்பை வென்றவர் என்ற பெயரும் அந்த இடமாற்றத்தால் கிடைத்தது.

ஈஸ்ட் பெங்கால் கிளப்பை வெறும் கிளப்பாகப் பார்த்தால் பலராமின் அந்த ஐந்தாறு வருஷங்கள் புரியாது. பிரிவினையில் வீடு வாசலை விட்டு வந்த லட்சக்கணக்கானவர்களுக்கு, ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்த மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் கேலரி. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த நாளில் கல்கத்தாவில் இலிஷ் மீன் விலை ஏறும் என்பார்கள். அவர்களுக்கு 1952க்குப் பிறகு லீக் பட்டம் கிடைக்கவில்லை. ஒன்பது வருஷக் காத்திருப்பு. 1961இல் பலராம் கேப்டன். அந்த சீசனில் அவர் போட்ட 23 கோல் லீக்கிலேயே அதிகம், பட்டமும் வந்தது. அதே வருடம் ஐ.எஃப்.ஏ. ஷீல்டையும் மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த லீக் பட்டத்துக்கு ஈஸ்ட் பெங்கால் 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது பதின்மூன்று வருஷத்தில் ஒரே ஒரு பட்டம், அது பலராமின் பட்டம். கேலரிக்கு அவர் வங்காளியா, தமிழனா, ஐதராபாத்காரனா என்ற கேள்வியே எழவில்லை.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பி.கே. என்றால் வலது ஓரத்தில் பாய்ச்சல், பிறகு குண்டு போட்டது மாதிரி ஒரு ஷாட். சுன்னி என்றால் டிரிபிள்: இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு மூன்றாமவருக்காகக் காத்திருக்கிறாரோ என்று தோன்றும். இருவரையும் இப்படி ஒரு வரியில் சொல்லிவிடலாம். பலராமை ஒரு வரிக்குள் அடக்க முடியாது என்பதுதான் அவருடைய பலம், அதுவே பிற்பாடு அவருக்குப் பாதகமாகவும் ஆனது. இன்சைடு லெஃப்டில் ஆடுவார், இடது விங்கில் ஆடுவார், தேவைப்பட்டால் சென்டர் ஃபார்வர்டாக நிற்பார். பந்து வராதபோது கீழே இறங்கி வந்து பந்தை வாங்கி, திரும்பி, பாஸ் கொடுத்துவிட்டு மறுபடி மேலே ஓடுவார். கோல் போடவும் தெரியும், கோல் போட வைக்கவும் தெரியும்.

அவருக்கு இயல்பான இடம் இன்சைடு லெஃப்ட். சுன்னிக்கும் அதேதான். ஒரே அணியில் இருவரையும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒருவர் நகர வேண்டும். ரஹீம் பலராமை இடது ஓரத்துக்கு அனுப்பினார். அது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். விங்கில் சுன்னியை வைத்திருந்தால் சுன்னியின் பாதி ஆட்டம் கோட்டுக்கு வெளியே போயிருக்கும். பலராமை எங்கே வைத்தாலும் அவர் பலராமாகவே இருந்தார். எந்த இடத்தையும் நிரப்பத் தெரிந்தவருக்குச் சொந்த இடம் கிடைப்பதில்லை என்பது கால்பந்தில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லையே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா விழுந்த பிரிவு கொடூரமானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. முதல் ஆட்டம் லாக்விலா நகரில், ஹங்கேரியோடு. எதிரணியில் யானோஷ் கோரோச், பதினெட்டு வயது ஃப்ளோரியன் ஆல்பர்ட். இந்த ஆல்பர்ட்தான் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கப் போகிறவர். இருவரும் ஆளுக்கொரு கோல் போட்டுவிட்டார்கள். 79ஆவது நிமிடத்தில் பலராம் ஒன்றைத் திருப்பினார். 2-1. ஹங்கேரியால் அதற்கு மேல் போட முடியவில்லை. நம் உள்ளூர்ப் போட்டிகள் அப்போது எழுபது நிமிடம்தான் என்பதை இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் விசில் ஊதி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் தாண்டி ஒன்பது நிமிடம் கழித்து, அந்தத் தொடரில் வெண்கலம் வாங்கப்போகும் அணிக்கு எதிராக விழுந்த கோல் அது. அடுத்து பிரான்ஸோடு 1-1. பெருவோடு 3-1 என்று தோற்று ஊர் திரும்பினார்கள்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா தரவில்லை. இதை ஆசியப் போட்டி என்று அழைக்கக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த நம் ஜி.டி. சோந்தி சொல்லப்போய், ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பியது. இறுதிப் போட்டிக்கு முதல் நாள் கும்பல் ஒன்று இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. சோந்தி சொன்னது நியாயமா இல்லையா என்பது வேறு விவாதம், விலையைக் கொடுத்தது பதினோரு பேர்.

தொடக்கமே சறுக்கல். தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றார்கள், அதில் பலராம் ஒரு கோல். ஜப்பானை வென்றே தீர வேண்டும் என்ற நிலையில் 2-0. ஒன்று பி.கே., ஒன்று பலராம். அரையிறுதியில் தென் வியட்நாம், 3-2. செப்டம்பர் 4ஆம் தேதி செனாயன் மைதானத்தில் மறுபடியும் அதே தென் கொரியா.

முந்தின இரவு யாருக்கும் தூக்கம் வரவில்லை. வீரர்கள் வெளியே வந்தால், ரஹீமும் விழித்தபடி உலாத்திக்கொண்டிருக்கிறார். நாளைக்கு எனக்கு ஒரு பரிசு வேண்டும், தங்கம் வாங்கிக் கொடுங்கள் என்று அவர் கேட்டதாக அந்த அணியினர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு லட்சம் பேர் கூடியிருந்த மைதானத்தில் இந்தியா பந்தைத் தொட்டாலே ஊளைச் சத்தம். நமக்காகக் கத்திய சிலரில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் உண்டு. அந்தப் போட்டியில் ஹாக்கித் தங்கத்தை நம்மிடமிருந்து பறித்தவர்கள் அவர்கள்தான்! இருபது நிமிடத்துக்குள் பி.கே.யும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட்டார்கள். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1.

இறுதிப் போட்டியின் கோல் பட்டியலில் பலராம் இல்லை. அதனால்தான் அந்தத் தங்கத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் பெயர் மூன்றாவதாக வருகிறது, சில கட்டுரைகளில் வருவதேயில்லை. ஜப்பானை வெல்லாமல் இறுதிப் போட்டி ஏது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

ஜகார்த்தாவிலிருந்து திரும்பியபோது 26 வயதுகூட நிறையவில்லை. அந்த வருஷத்து அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. 1963இல் ஈஸ்ட் பெங்காலை விட்டு பி.என்.ஆர். அணிக்குப் போனார். மூச்சிரைப்பு தொடங்கியது. புளூரிசி என்றார்கள் டாக்டர்கள். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி அது, ஆழமாக மூச்சிழுத்தால் விலாவில் குத்தும். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடப்பவர் சமாளித்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் ஓடியே பிழைத்த ஃபார்வர்டு என்ன செய்வார்? அந்த வருடமே ஆட்டத்தை விட்டார். அதே 1963 ஜூனில் ரஹீம் புற்றுநோயில் இறந்தார். 1964 ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய அணியில் வாத்தியாரும் இல்லை, அவர் சைக்கிள் ஏற்பாடு செய்து கூட்டிவந்த மாணவரும் இல்லை.

அதன் பிறகு அறுபது வருஷம் வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரையில் உத்தர்பாராவில் வீடு. சுன்னிக்கு 1983இலும் பி.கே.வுக்கு 1990இலும் பத்மஸ்ரீ கொடுத்த அரசாங்கம் இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கிளப்போடும் மனக்கசப்பு. தன்னைச் சரியாக நடத்தவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி விலகி நின்றார். இந்த இடத்தில் நம் பத்திரிகைகள், எல்லாவற்றையும் மன்னித்துப் புன்னகைக்கும் முதியவர் ஒருவரைத்தான் எதிர்பார்க்கும். பலராம் அந்த வேஷத்தைக் கட்ட மறுத்தார். கேட்டவர்களிடமெல்லாம் வருத்தத்தை வருத்தமாகவே சொன்னார். எனக்கு அவரிடம் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று. மைதானத்தில் எல்லோருக்கும் இடம் விட்டவர், வெளியிலும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

2020 மார்ச்சில் பி.கே. போனார், ஏப்ரலில் சுன்னி. 2023 பிப்ரவரி 16 அன்று கொல்கத்தா மருத்துவமனையில் பலராம் இறந்தார். வயது 86. ரஹீமின் கதையைச் சொல்லும் 'மைதான்' இந்திப் படம் அடுத்த வருடம் ஏப்ரலில் திரைக்கு வந்தது. அதில் பலராம் வேடத்திலும் ஒரு நடிகர் ஓடுகிறார். ஜகார்த்தாவில் தலையில் தையலோடு சென்டர் ஃபார்வர்டாக இறங்கிய ஜர்னைல் சிங் உண்மையில் தற்காப்பு ஆட்டக்காரர். அவரை முன்னால் கொண்டுவந்த ரஹீமின் துணிச்சலைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)