ஒரு கவிதை கிளப்பிய நாற்பது வருஷச் சண்டை... தெரியுமா?

கிறிஸ்துமஸுக்கு ஐந்தே நாள்! 1985 டிசம்பர் 20. அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'ட்விலைட் ஸோன்' ஓடுகிறது. ஒரே மணி நேரத்தில் மூன்று தனிக்கதைகள். முதல் கதையில் கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார். இரண்டாவதில் ஜெராக்ஸ் மிஷின் வழியாக வேறொரு உலகத்துக்குப் போய்விடுகிறாள் ஒரு செக்ரட்டரி. மூன்றாவது? பெத்லகேம் நட்சத்திரம் ஒரு உலகத்தையே எரித்துச் சாம்பலாக்கியது என்று சொல்கிறது!

பண்டிகை வாரத்தில், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில், இப்படி ஒரு கதை! அந்த எபிசோடின் பெயர் 'தி ஸ்டார்'. அதன் கடைசிக் காட்சியைப் பற்றி அறிவியல் புனைகதை ரசிகர்கள் இன்றைக்கும் இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அது மட்டுமா? இந்தக் கதைக்குள் தூத்துக்குடிப் பக்கத்து நம்ம முத்துக்குளித்துறையும் வருகிறது, ஒரு தமிழ் விஞ்ஞானியும் வருகிறார்! எப்படி என்கிறீர்களா?

கதாநாயகன் ஒரு சாமியார்!

மூலக்கதையை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். அதன் நாயகன் யார் தெரியுமா? சேசு சபைக் குரு ஒருவர்! அதே சமயம் வான் இயற்பியல் விஞ்ஞானி! பூமியிலிருந்து 3,000 ஒளியாண்டு தள்ளி, வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனை ஆராயப் போகிறார். ஒரு ஒளியாண்டு எவ்வளவு? சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்! அதை 3,000-ஆல் பெருக்கிப் பாருங்கள், தலை சுற்றும்!

அங்கே எல்லாம் எரிந்துபோய்க் கிடக்கிறது. ஆனால் கடைக்கோடிக் கிரகத்தில் மட்டும் பாதாள அறை ஒன்று தப்பியிருக்கிறது. சாவு வருவதை முன்கூட்டியே அறிந்த ஓர் இனம், தன் கலை, எழுத்து, படங்கள் அத்தனையையும் அதற்குள் பூட்டி வைத்துவிட்டு அழிந்திருக்கிறது! தப்பி ஓட முடியாதா? முடியாது! பக்கத்துக் கிரகங்களுக்குப் போக அவர்களிடம் கப்பல் இருந்தது. அடுத்த சூரியக் குடும்பமோ 100 ஒளியாண்டு தொலைவில்!

குரு கணக்குப் போடுகிறார். அந்த வெடிப்பின் வெளிச்சம் பூமியை எட்டிய நாள் எது? மூன்று ஞானிகள் வானத்தைப் பார்த்து நடந்த அந்த நாள்! கதை அங்கேயே நின்றுவிடுகிறது. ஆறுதல் கிடையாது, பதில் கிடையாது!

நீல மணலில் ஒரு விளையாட்டு!

கதையில் ஒரு காட்சி வரும். கடற்கரையில் வளர்ந்தவர்கள் யாரும் அதைச் சுலபமாகத் தாண்ட முடியாது. அழிந்துபோன அந்த மக்கள் விட்டுச்சென்ற படங்களில் ஒன்று அது. கடற்கரை. மணலின் நிறம் நீலம்! அலையில் இறங்கிக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். நம் பிள்ளைகள் விளையாடுவது போலவேதான்! ஆழமில்லாத தண்ணீரில் ஏதோ ஒரு பெரிய விலங்கு நடந்து போகிறது. ஒரு பிள்ளைகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, தினமும் பார்க்கிற விலங்கு போலிருக்கிறது! பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. அந்தச் சூரியன்தான் நாளை அவர்களைக் கொல்லப் போகிறது!

முத்துக்குளித்துறையிலுள்ள நம்ம கீழவைப்பாரில் சூரியன் கடலிலிருந்து ஏறும், அங்கே கடலில் இறங்குகிறது. மற்றபடி என்ன வித்தியாசம்?

போட்டிக்குப் போய்த் தோற்ற கதை!

நம்புவீர்களா? லண்டனின் 'அப்சர்வர்' பத்திரிகை ஒரு சிறுகதைப் போட்டி வைத்தது. தலைப்பு: கி.பி. 2500. அதற்காக கிளார்க் எழுதியதுதான் 'தி ஸ்டார்'. பரிசா? ஆறுதல் பரிசுகூட இல்லை! பிறகு 1955 நவம்பரில் ஓர் அமெரிக்க இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே, 1956-இல், சிறந்த சிறுகதைக்கான ஹியூகோ விருது! அறிவியல் புனைகதை உலகில் அதற்கு மேல் ஒரு கிரீடம் கிடையாது!

சரி, சண்டை எதற்கு?

தொலைக்காட்சிக்காக ஆலன் பிரென்னர்ட் கதையின் முடிவை மாற்றினார்! குருவுக்கு காஸ்டிகன் என்று பெயர் வைத்தார்கள், நடித்தவர் ஃப்ரிட்ஸ் வீவர். நண்பர் சாண்ட்லராக டொனால்ட் மொஃபட். குரு நொறுங்கிப்போய் நிற்கும்போது, அழிந்த இனம் விட்டுச்சென்ற ஒரு கவிதையை சாண்ட்லர் அவருக்குப் படித்துக் காட்டுகிறார். எங்களுக்காக அழாதீர்கள், நாங்கள் நன்றாக வாழ்ந்துவிட்டோம் என்பது அதன் சாரம். அவர்களின் வெளிச்சம் இன்னொரு உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று குருவின் மனம் ஆறுகிறது.

விசித்திரம் எங்கே தெரியுமா? மூலக்கதையில் இதே சாண்ட்லர்தான் குருவின் நம்பிக்கையைச் சீண்டிக்கொண்டே இருக்கும் கப்பல் மருத்துவர்! எபிசோடில் அவரே விசுவாசிக்கு ஆறுதல் சொல்கிறார்!

"கத்தியின் கூர்மையையே மழுக்கிவிட்டார்கள்!" என்பது கதைக் கட்சியின் குமுறல். ஒரு கேள்வியோடு முடிய வேண்டியதற்குப் பதிலை ஒட்டவைத்தால், மூலக்கதை வாசகனின் மேல் வைத்த பாரம் எங்கே போகும்?

"செத்தவர்களுக்குப் பேச ஒரு வாய் வேண்டாமா?" என்பது எபிசோட் கட்சி. கதையில் அந்த இனம் வெறும் சாட்சிதான். எபிசோடில் அவர்களே எழுந்து தங்கள் சாவைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கவிதையைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் எத்தனையோ பேர்!

நான் எந்தக் கட்சி? கதைக் கட்சிதான்! நீல மணலில் விளையாடிய பிள்ளைகள் அந்தக் கவிதைக்குச் சம்மதித்தார்களா என்ன? பெரியவர்கள் யாரோ எழுதி வைத்த சமாதானம் அது. பிள்ளைகளைக் கேட்டு எழுதியதல்ல! ஆனாலும் அந்த எபிசோடை வெறுக்க முடியவில்லை. நம்பாதவன் நம்புகிறவனின் தோளைத் தொடும் அந்த இடம் பொய் இல்லை.

வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரம்!

டிசம்பர் பிறந்தால் நம் கடற்கரை ஊர்களில் என்ன நடக்கும்? மூங்கில் சிம்பை ஐந்து முனையாகக் கட்டி, கலர்த்தாள் ஒட்டி, உள்ளே பல்பு போட்டு, மொட்டைமாடியில் கம்பு நட்டு ஏற்றுவார்கள். கடைகளில் ரெடிமேட் ஸ்டார் வந்த பிறகும் கையால் கட்டுகிற வீடுகள் உண்டு! அது கிளார்க் எழுதிய அதே நட்சத்திரம்தான்! நான்கு நற்செய்திகளில் அந்த நட்சத்திரம் எத்தனையில் வருகிறது தெரியுமா? ஒன்றே ஒன்றில்! மத்தேயுவில் மட்டும்!

இஞ்ஞாசியார் படம்... சவேரியார் கடற்கரை!

கதையில் குருவின் அறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். யாருடையது? ரூபன்ஸ் வரைந்த இஞ்ஞாசியார்! சேசு சபையைத் தொடங்கியவர். அவரோடு சேர்ந்து முதலில் வாக்குறுதி எடுத்த தோழர்களில் ஒருவர்தான் சவேரியார். 1542-இல் அவர் எங்கே வந்தார்? நம்ம முத்துக்குளித்துறைக்கு! பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் வைப்பாரும் ஒன்று!

தமிழரின் மேஜைக்கு வந்த கட்டுரைகள்!

இப்போது நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்!

'ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்' என்ற ஆய்விதழில் தன்னுடைய மூன்று கட்டுரைகள் வந்திருப்பதைக் கதையின் குரு சொல்லிக்கொள்வார். கதை வெளியான 1955-இல் அந்த நிஜ ஆய்விதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சுப்பிரமணியன் சந்திரசேகர்! லாகூரில் பிறந்து, சென்னைத் திருவல்லிக்கேணியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த தமிழர்! 1952 முதல் 1971 வரை 19 வருஷம் அந்த இதழ் அவர் கையில்தான் இருந்தது. கற்பனைக் குருவின் கட்டுரை நிஜத்தில் வந்திருந்தால், அன்றைக்கு ஒரு தமிழர் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போயிருக்கும்!

இன்னும் இருக்கிறது! 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், அவர் போட்ட கணக்கு என்ன? வெண்குள்ளன் என்ற வகை விண்மீன் ஓர் எல்லைக்கு மேல் கனத்தால் தாக்குப்பிடிக்காது! இன்றைய கணக்கில் அந்த எல்லை நம் சூரியனைப் போல 1.4 மடங்கு. சில விண்மீன்கள் வெடிப்பதற்கான காரணமே அதில்தான் இருக்கிறது! 1983-இல் நோபல் பரிசு. எபிசோட் வந்தது அடுத்த இரண்டே வருஷத்தில்!

ஒரு கணக்குச் சண்டையும் உண்டு!

நம் சூரியன் இப்படி வெடிக்குமா? வெடிக்காது, நிம்மதியாக இருங்கள்! தன் எடையாலேயே நொறுங்கி வெடிக்க ஒரு விண்மீன் சூரியனைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு கனமாக வேண்டும். அவ்வளவு கனமான விண்மீன் எத்தனை காலம் வாழும்? சில கோடி வருஷம் மட்டுமே! சூரியனுக்கோ ஆயுசு சுமார் 1,000 கோடி வருஷம்! அப்படியானால் சில கோடி வருஷத்தில் ஓர் உலகம் உருவாகி, உயிர் தோன்றி, கவிதை எழுதுகிற அளவுக்கு வளர முடியுமா? கதையை நேசிப்பவர்களே கொஞ்சம் தடுமாறும் கேள்வி இது!

பதினான்கு மாதத்தில் வானமே பதில் சொன்னது!

எபிசோட் வந்து பதினான்கு மாதம். 1987 பிப்ரவரியில் நிஜமாகவே ஒரு விண்மீன் வெடித்தது! வெறும் கண்ணுக்கே தெரிந்த வெடிப்பு. அதற்கு முன் அப்படி ஒன்று எப்போது? 1604-இல்! 383 வருஷக் காத்திருப்பு! அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமியில் பெத்லகேமும் இல்லை, தூத்துக்குடியும் இல்லை. ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருஷத்துக்கும் முந்தைய வெளிச்சம் அது! வெளிச்சத்துக்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோ என்ற துகள்கள் வந்து சேர்ந்தன. உலகம் முழுக்கச் சேர்த்துப் பிடிபட்டவை சுமார் 25 மட்டுமே!

அது வெடித்த இடம் தென்வானத்தின் ஆழத்தில். டெல்லியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே வரவே வராது! தூத்துக்குடிக் கரையிலோ தெற்கே கடலுக்கு மேல் 12 டிகிரி உயரம் வரை அந்த இடம் ஏறி வரும்!

கடலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்!

கிளார்க் எங்கே வாழ்ந்தார்? 1956-இலிருந்து இலங்கையில்! கீழவைப்பாரிலிருந்து நேர்கோடு போட்டால் கொழும்பு சுமார் 300 கிலோமீட்டர்தான்! அவரை இலங்கைக்கு இழுத்தது எது? கடலுக்குள் மூழ்கும் ஆசை! திருகோணமலையில் கோணேசர் மலையடியில், தண்ணீருக்குள் கிடந்த பழைய கோயிலின் தூண்களைப் பார்த்தார். 1961-இல் அவருடைய கூட்டாளி மைக் வில்சன் இலங்கையின் தென்கடல் பாறைகளில் என்ன கண்டெடுத்தார் தெரியுமா? ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்க் காசுகள்! மொத்தைமொத்தையாக ஒட்டிக் கிடந்தன!

அந்த 1961-க்கு நம் கரையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தூத்துக்குடி முத்துப் பார்களில் 1955-இல் தொடங்கிய சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961-இல் முடிந்தது. அதன் பிறகு பெரிய சலாபமே இல்லை! 'தி ஸ்டார்' அச்சேறிய அதே வருஷம் குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தார்கள். அக்கரையில் வெள்ளி மேலே வந்த வருஷம், இக்கரையில் முத்து நின்றுபோனது!

கணினிக்குத் தகப்பன் ஒரு பிள்ளை!

'2001' கதையில் வரும் ஹால் என்ற பேசும் கணினி நினைவிருக்கிறதா? அதை உருவாக்கிய டாக்டர் சந்திராவின் முழுப்பெயரை கிளார்க் 1982-இல் வந்த அடுத்த நாவலில் சொன்னார். சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! அச்சுஅசல் தமிழ்ப் பெயர்! 1984-இல் அது சினிமாவானபோது அந்த வேடத்தில் நடித்தவர்? பாப் பலபன் என்ற அமெரிக்கர்! நல்ல நடிகர்தான், ஆனால் பிள்ளைவாள் எங்கே போனார்? இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை!

அதே கருவுக்கு இன்னொரு எபிசோட்!

வெடிக்கும் சூரியன், அழியும் இனம், விட்டுச்செல்லும் நினைவு. இதே கருவை 1992 ஜூனில் 'ஸ்டார் ட்ரெக்' எடுத்துக்கொண்டது. எபிசோட்: 'தி இன்னர் லைட்'. கேப்டன் பிக்கார்ட் அரைமணி நேரம்கூட மயங்கியிருக்க மாட்டார். அதற்குள் அழிந்த கிரகத்தில் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து, பேரப்பிள்ளை எடுத்து, கிழவராகிவிடுகிறார்! இதற்கும் ஹியூகோ! இங்கே மட்டும் சண்டை குறைவு. ஏன்? இது எந்தக் கதையின் முடிவையும் மாற்றவில்லையே! அதில் அவர் ஊதிய குழல் 2006-இல் ஏலத்துக்கு வந்தது. சத்தமே வராத டம்மிக் குழல்! போன விலை 40,000 டாலருக்கு மேல்!

தொலைநோக்கியோடு வந்த குருக்கள்!

சாமியார் விஞ்ஞானியாவது கற்பனைதானே என்கிறீர்களா? 1689-இல் புதுச்சேரியில் ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஷான் ரிஷோ என்ற சேசு சபைக் குரு. தற்செயலாகத் தொலைநோக்கியில் பட்டது ஆல்ஃபா சென்டாரி. ஒரே விண்மீன் என்று உலகம் நினைத்திருந்தது இரண்டாகத் தெரிந்தது! நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் குடும்பத்தின் ரகசியம் உடைந்தது தமிழ் மண்ணில்!

இன்றைக்கு? 2025 செப்டம்பரிலிருந்து வத்திக்கான் வான் ஆய்வகத்தின் இயக்குநர் யார் தெரியுமா? கோவாவைச் சேர்ந்த சேசு சபைக் குரு ரிச்சர்ட் டிசூசா! இந்தியர், குரு, வான் இயற்பியல் விஞ்ஞானி! அவர் என்ன ஆராய்ந்தார் என்று கேளுங்கள். நம் பக்கத்து வீடான ஆண்ட்ரோமெடா மண்டலம் சுமார் 200 கோடி வருஷம் முன்பு இன்னொரு பெரிய விண்மீன் மண்டலத்தையே விழுங்கியிருக்கிறது என்று 2018-இல் ஒரு சக ஆய்வாளரோடு சேர்ந்து எழுதினார்! விழுங்கப்பட்ட அந்த மண்டலத்தில் எத்தனை கோடி சூரியன்கள் இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!