யானைச் சிறுவனும் இரு நெறியாளர்களும்

1937ஆம் ஆண்டில் வெளிவந்த 'எலிபன்ற் போய்' என்னும் ஆங்கிலத் திரைப்படம், ஒரு சிறுவனுக்கும் அவனது யானைக்கும் இடையிலான தோழமையைக் கூறும் சாகசக் கதையாகவே இரசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விரசனை தவறெனக் கூறுவதற்கில்லை. ஆயின், நெறியாளராக இருவர் பெயர் அதிற் காணப்படுவது ஏன் என வினவும்போதே படத்தின் உள்முரண் புலனாகின்றது.

முதலாமவர் றொபேட் பிளாகர்ட்டி. 'நனூக் ஒவ் த நோர்த்' (1922) மூலம் விவரணப்படத் துறைக்கு வழிவகுத்தவர். தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா அவரை மைசூருக்கு அனுப்பினார். அங்கே, மகாராசாவின் யானைக் கொட்டிலில் வளர்ந்த, தந்தையை இழந்த பாகன் மகன் ஒருவனை ஒளிப்பதிவாளர் ஒஸ்மண்ட் பொறடெயில் கண்டெடுத்தார். 1924இல் பிறந்த அச்சிறுவனே சாபு. யானையை ஆற்றிற் கிடத்தித் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அவன் நடிக்கவில்லை; தான் பிறந்து வளர்ந்த தொழிலையே செய்கிறான். காட்டியானைக் கூட்டத்தை வளைத்துப் பட்டிக்குள் அடைக்கும் 'கெட்டா'வும் மைசூர்க் காட்டிலேயே படமாக்கப்பட்டது. உழைக்கும் மனிதரைக் கமரா பொறுமையுடன் நோக்கிய பகுதிகள் இவை.

இவற்றைக் கொண்டு வணிகத்துக்கேற்ற கதையை அமைப்பதற்காக, தயாரிப்பாளரின் தம்பி சோல்ட்டான் கோர்டா இங்கிலாந்தின் டெனம் கலையகத்தில் ஏனைய காட்சிகளைப் படமாக்கினார். அங்கு துமாயின் தந்தையாக நடித்தவர் முகத்திற் கருமை பூசிய ஓர் ஆங்கில நடிகர்! மெய்யான பாகன் மகனுக்குப் பொய்யான பாகத் தந்தை. (வெனிஸ் திரைப்பட விழாவின் நெறியாள்கைப் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.)

மூலக்கதையுடன் ஒப்பிடுதல் இங்கு அவசியமாகும். கிப்ளிங் பேரரசின் குரலாக அறியப்பட்டவர். எனினும் 1894இல் நூலுருப்பெற்ற அவரது கதையில் தந்தை உயிருடன் இருக்கிறார். காட்டுத் தொழிலின் கடுமையை நொந்து, சமதரையில் ஒழுங்கான கொட்டிலும் குறைந்த நேர வேலையும் கிடைக்காதா என முணுமுணுக்கிறார். ஒரு தொழிலாளியின் முறைப்பாடு அது. படத்தில் அவரைப் புலி கொன்றுவிடுகிறது. முறைப்பாடு செய்ய வேண்டியவர் இடைநடுவில் மறைகிறார். மேலும், மூலக்கதையில் சிறுவன் இரவிற் காணும் யானை நடனம் எவருக்கும் பயன்படாத ஓர் அற்புதம். யானைபிடிப்பு அதற்கு முன்னரே நடந்தேறிவிட்டது. படத்திலோ யானைகள் அகப்படாது பீற்றர்சன் துரை தடுமாற, சிறுவன் தான் கண்ட கூட்டத்திடம் வேட்டைக் குழுவினரை அழைத்துச் செல்கிறான். அற்புதம் உளவுச் செய்தியாகிவிடுகிறது. கிப்ளிங்கே துணியாத ஒன்றைக் கோர்டா நிறுவனம் செய்தது எனலாம்.

இப்போக்கு அடுத்த படத்தில் மறைவின்றி வெளிப்பட்டது. 1938இன் 'த ட்றம்' படத்தில் சாபு ஆங்கிலேயருக்கு விசுவாசமான இளவரசனாக நடித்தான். பம்பாயிலும் சென்னையிலும் அதற்கு எதிர்ப்புக் கிளர்ந்தது. பின்னர் அமெரிக்கா சென்ற சாபு, போர்க்காலத்தில் அந்நாட்டு விமானப்படையிற் பணியாற்றி, 1963இல் தமது 39ஆவது வயதிற் காலமானார்.

மைசூர்க் காட்டின் இறுதிக் கெட்டா 1971இல் நடைபெற்றது. அக்காட்டின் ஒரு பகுதி இன்று கபினி நீர்த்தேக்கத்தின் அடியிற் கிடக்கின்றது.