மலை நகரில் முதல் இரவு

பெரு நாட்டின் தலைநகராகிய லிமா கடற்கரையில் உள்ளது. முதுகிலே பை சுமந்த ஓர் இளந்தம்பதியர் அங்கே காலையில் விமானமேறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் குஸ்கோவில் இறங்குகின்றனர் எனக் கொள்க. இன்கா மன்னர்களின் பழைய தலைநகராகிய குஸ்கோ, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் உள்ளது. விடுதிப் படிகளில் ஏறும்போதே கணவனுக்கு மூச்சு வாங்குகிறது. மாலையில் தலைவலி, உணவில் வெறுப்பு, இரவில் உறக்கமில்லை.

காரணம் யாது? காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே. ஆனால், உயரம் கூடக் காற்றின் அமுக்கம் குறைகிறது. ஆகவே, கடற்கரையிற் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றிலிரண்டு பங்கே அங்கே ஒரு மூச்சிற் கிடைக்கும். இதற்கு உடல் பழகச் சில நாட்கள் செல்லும். தேகபலம் இதற்குக் காப்பாகாது.

மனைவிக்கோ ஒரு துன்பமும் இல்லை. அவளுடைய மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாது, கணவன் தலைவலியை மறைக்கிறான். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும், உயிரும் போகக்கூடும். தள்ளாடும் நடையும், ஓய்விலும் தணியாத மூச்சுத்திணறலும் தோன்றினால், தாமதியாது வைத்திய உதவி பெற்றுக் கீழிறங்குதல் வேண்டும்.

இதனை அறிந்த பயணிகள் பலர் முதலிரவைக் குஸ்கோவிற் கழிப்பதில்லை. ஏறத்தாழ 9,000 அடி உயரத்திலுள்ள ஒல்லாந்தைதாம்போ என்னும் பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்கிவிடுகின்றனர். புகழ்பெற்ற மச்சு பிச்சு அதனினும் தாழ்ந்தது. அதனைக் கண்டு, உடல் பழகியபின் குஸ்கோவுக்கு ஏறுகின்றனர். மலையூரில் தலைவலியை மறைப்பது அன்பன்று. உடனே சொல்வதே துணைக்குச் செய்யும் உதவி.